வன்னியிலிருந்து கன்சோல் கேம் நேரலை: முதல் நாளுக்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

கிளிநொச்சியில் கன்சோல் திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். கேம் விளையாடுவதை யூடியூபிலோ ட்விட்ச்சிலோ நேரலையாகக் காட்ட விரும்பி வருகிறவர்களுக்கு அமைத்தும் கொடுக்கிறேன். பெரும்பாலானோர் ஒரே மாதிரித்தான் வருவார்கள். கையில் வட்ட விளக்கு இருக்கும், மைக் இருக்கும், சனலுக்கு லோகோகூட வரைந்தாகிவிட்டிருக்கும். "வீட்டில் அப்லோட் வேகம் எவ்வளவு?" என்று கேட்டால்தான் பதில் இருக்காது.

வட்டக்கச்சியிலிருந்து வந்த ஒரு தம்பி, கனடாவிலுள்ள மாமா அனுப்பிய காசில் கேமிங் கதிரை வரை வாங்கிவிட்டார். போய்ப் பார்த்தால் வீட்டு அப்லோட் 1.8 எம்பிபிஎஸ், நேரலைக்கு அது போதாது. அந்தக் கதிரையில் இப்போது அவருடைய அப்பம்மா இருந்து தொலைக்காட்சி பார்க்கிறார்.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காத்திருக்க வேண்டிய வேலை முதலில் வரும், காசு செலவாகாத வேலை அதற்கடுத்து, வாங்கும் வேலை கடைசியில்.

1. கணக்கைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள்

யூடியூபில் நேரலை வசதியை முதன்முறை இயக்கும்போது அது திறக்க 24 மணிநேரம் வரை ஆகலாம். அதற்கு முன் தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். உளுந்தை ஊறப்போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பதுபோல, இதை இன்றே செய்துவிட்டு அடுத்த படிகளுக்குப் போங்கள். சனிக்கிழமை மாலை நேரலை என்று நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, அன்று பகல்தான் பொத்தானைத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயதையும் கவனியுங்கள். 2025 ஜூலை 22 முதல் யூடியூபில் தனியாக நேரலை செய்ய 16 வயதாகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் செய்வதானால் பெரியவர் ஒருவர் கூடவே திரையில் தெரிய வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு மின்னஞ்சலில்தான். எப்போதோ ஒரு தொலைபேசிக் கடையில் கைபேசி வாங்கியபோது, கடைக்காரர் திறந்து கொடுத்த ஜிமெயிலையே பயன்படுத்துவார்கள். கடவுச்சொல் கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்திருக்கும், அல்லது அவருக்கும் மறந்திருக்கும். சனல் வளர்ந்த பிறகு கணக்கு பூட்டிக்கொண்டால் மீட்க வழியில்லை. புதிய மின்னஞ்சலை நீங்களே திறந்து, நீண்ட காலம் வைத்திருக்கப்போகும் சிம்மின் இலக்கத்தைக் கொடுத்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள்.

யூடியூபா, ட்விட்ச்சா? நான் யூடியூபைத்தான் சொல்வேன். நீங்கள் அனுப்பும் படத்தை யூடியூப் தானே பல தரங்களாக மாற்றிக் கொடுக்கிறது. முள்ளியவளையில் கைபேசி டேட்டாவில் பார்ப்பவர் 360பி என்ற குறைந்த தரத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். ட்விட்ச்சில் புதிய சனல்களுக்கு அந்த வசதி எப்போதும் கிடைக்கும் என்று உறுதியில்லை. கிடைக்காத நாளில், நீங்கள் அனுப்பும் தரத்திலேயே பார்க்க முடிந்தவர் மட்டும் பார்ப்பார்.

2. ஒரு வாரம் அளந்து கொப்பியில் எழுதுங்கள்

நேரலைக்கு டவுன்லோட் வேகத்தால் பயனில்லை. படம் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறது, அதனால் அப்லோட் மட்டுமே கணக்கு. ஏ9 வீதியை ஒட்டிய நகரப் பகுதியில் ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. உள்ளே போகப் போக 4ஜி ரவுட்டர்தான். அதன் வேகம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

ஏழு நாட்களுக்கு விடியற்காலை 5 மணி, பகல் 3 மணி, இரவு 8 மணி என மூன்று நேரமும் வேகச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஓடவிட்டு, ஆகக் குறைந்ததை எழுதுங்கள். உச்ச வேகத்தை எழுதிவைத்து ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் நேரலை அறுவது குறைந்த வேகம் வரும் அந்த நிமிடத்தில்தான். சோதிக்கும்போது வீட்டிலுள்ள மற்றக் கைபேசிகளின் வைஃபையை நிறுத்திவிடுங்கள்.

4ஜி என்றால் அளப்பதற்கு முன் ரவுட்டரின் இடத்தை முடிவுசெய்யுங்கள். தகரக் கூரை சிக்னலைத் தடுக்கும். வீட்டின் நடுவில், அலுமாரிக்கு மேல், துணி போட்டு மூடிய ரவுட்டர் என்பது நம் வீடுகளில் சாதாரணக் காட்சி. அதை யன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னலின் வலிமை: மைனஸ் 90-ஐ விட மேலே இருந்தால் நல்லது, மைனஸ் 110-க்குக் கீழே போனால் சிரமம். இரண்டாவது சிக்னலின் தெளிவு: 10-க்கு மேல் இருந்தால் போதும். வலிமை நன்றாக இருந்தும் வேகம் வராவிட்டால் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு யன்னலிலும் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்து, இரண்டு எண்களும் சேர்ந்து உயரும் இடத்தில் வையுங்கள். விசுவமடுவில் ஒரு வீட்டில் கூடத்திலிருந்து பின்பக்க யன்னலுக்கு மாற்றியதில் அப்லோட் இரண்டரையிலிருந்து ஆறுக்குப் போனது. செலவு, பத்து மீற்றர் வயர்.

வாரம் முடிந்ததும், நீங்கள் நேரலை செய்யப்போகும் நேரத்துக்குரிய ஆகக் குறைந்த எண்ணை எடுத்துப் பாதியாக்குங்கள். அதுதான் உங்கள் பிட்ரேட், அதாவது படத்துக்காக நொடிக்கு அனுப்பும் தகவலின் அளவு. பாதி ஏன்? அப்லோட் முழுவதையும் படமே அடைத்துக்கொண்டால், ஆன்லைன் ஆட்டத்தின் சிறு தகவல்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். "நேரலை போட்டால் கேம் இழுக்கிறது" என்று சொல்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுவே. அவர்கள் கன்சோலைத் திருத்தக் கொண்டுவருவார்கள். கன்சோலில் ஒரு குறையும் இருக்காது.

ஒரு எம்பிபிஎஸ் என்பது 1,000 கேபிபிஎஸ். குறைந்த அப்லோட் 5 எம்பிபிஎஸ் என்றால் 2,500 கேபிபிஎஸ் வைத்து 720பி, நொடிக்கு 30 படம் அனுப்பலாம். 3 என்றால் 1,500 கேபிபிஎஸ், 480பி. 10-க்கு மேல் போனால் 4,500 வைத்து நொடிக்கு 60 படம். ட்விட்ச்சில் நீங்கள் வைக்க வேண்டிய உச்சம் 6,000.

விளையாடும் கேமும் இதில் சேரும். மாறும் இடங்களைத்தான் என்கோடர் (படத்தைச் சுருக்கும் பகுதி) திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பின்னணி அசையாத சண்டை கேம் குறைந்த பிட்ரேட்டிலும் தெளிவாகப் போகும். கால்பந்து கேமில் கமரா ஓட ஓடப் புல்தரை முழுவதும் மாறும், 1,500-இல் அது பச்சைக் கட்டிகளாக உடையும். அப்போது 720பி-யைப் பிடித்துத் தொங்காமல் 480பி-க்கு இறங்குங்கள்.

3. டேட்டாவைக் கணக்கிடுங்கள், நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

2,500 கேபிபிஎஸ் படமும் 128 கேபிபிஎஸ் ஒலியும் சேர்ந்தால் ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி. வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணிநேரம் என்றால் மாதம் 28 ஜிபிக்கு மேல். கேம் அப்டேட்டுகள் இதற்குப் புறம்பு. அவை ஒரே இரவில் பத்து, இருபது ஜிபியை விழுங்கும். கன்சோலில் தானாக இறங்கும் வசதியை நிறுத்தி, நீங்கள் விரும்பிய நேரத்தில் இறக்குங்கள். சில பேக்கேஜ்களில் இரவுக்கென்று தனி டேட்டா உண்டு. அது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றி எனக்கொரு பிடிவாதமான கருத்து உண்டு. எல்லோரும் இரவு 8 மணிக்குத் தொடங்குகிறார்கள். கோபுரத்தில் நெரிசல் ஆகக் கூடிய நேரம் அது. நான் விடியற்காலை 5 மணியைச் சொல்கிறேன். அந்நேரம் அப்லோட் நன்றாக இருக்கும், வீடு அமைதியாக இருக்கும், இரவு டேட்டாவும் பெரும்பாலும் முடிந்திருக்காது. நமக்கு அதிகாலை 5 மணி என்பது டொரொண்டோவில் கோடை காலத்தில் முதல் நாள் இரவு 7.30, குளிர்காலத்தில் 6.30. உங்கள் சனலை முதலில் பார்க்கப்போவது வெளிநாட்டிலுள்ள உறவினர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். அவர்கள் வேலையும் பள்ளிக்கூடமும் முடிந்து வீட்டில் இருக்கும் நேரம் அது. எழும்ப முடியாதவர்களுக்கு என்னிடம் மாற்று மருந்து இல்லை.

4. மின்சாரத்துக்கு வழி செய்யுங்கள்

கன்சோலுக்கு யுபிஎஸ் வாங்குவதற்கு முன் ரவுட்டருக்கு வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 5 விளையாடும்போது 200 வாட் அளவுக்கு இழுக்கும். தொலைக்காட்சியும் சேர்ந்தால் சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். ரவுட்டருக்குப் பத்து வாட் சுற்றில் போதும், சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் அதை மணிக்கணக்கில் ஓட்டும். ஒரு நொடி மின்சாரம் போய் வந்தாலும் 4ஜி ரவுட்டர் மீண்டும் எழுந்து இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அதற்குள் பார்வையாளர் போய்விடுவார்.

வாங்கும் முன் ரவுட்டரின் அடப்டரைத் திருப்பி, அதன் வயிற்றில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 12 வோல்ட் என்றால் 12 வோல்ட் யுபிஎஸ், 9 வோல்ட் என்றால் 9. அம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பிளஸ், மைனஸ் குறியும் ஒத்திருக்க வேண்டும். முனை துளைக்குள் போகிறதே என்று வோல்ட் மாறிச் செருகிச் சுட்ட ரவுட்டர்கள் இரண்டு என் மேசை லாச்சியில் கிடக்கின்றன.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இறங்கும். மேகம் கறுக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். இடி கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். தொலைபேசிக் கம்பியும் வெளி அன்டனா வயரும் இருந்தால் அவற்றையும் கழற்றுங்கள். மின்னல் மின்கம்பி வழியாக மட்டுமே வருவதில்லை. எச்டிஎம்ஐ போர்ட் எரிந்து கடைக்கு வந்த கன்சோல்களில் சிலவற்றில் பவர் பகுதி நன்றாகவே இருந்தது.

5. இரண்டு பாதையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கன்சோலிலிருந்தே நேரடியாக அனுப்புவது ஒரு பாதை. கன்சோலின் படத்தைக் காப்சர் கார்டு என்ற சிறு கருவி வழியாகக் கணினிக்கு எடுத்து, ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளால் அனுப்புவது மற்றது.

பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 இருந்தால் முதல் ஒரு மாதம் நேரடிப் பாதையிலேயே போங்கள். எதுவும் வாங்க வேண்டியதில்லை, பழுதாவதற்கும் பொருள்கள் குறைவு. எக்ஸ்பொக்ஸிலிருந்து ட்விட்ச்சுக்கு நேரடியாக அனுப்பலாம். நின்டெண்டோ ஸ்விட்ச்சில் அந்த வசதியே இல்லை, காப்சர் கார்டுதான் வழி.

பேசிக்கொண்டு விளையாடும் பழக்கம் வந்த பிறகும் உங்களுக்கு ஆசை குறையவில்லை என்றால் அப்போது காப்சர் கார்டு வாங்குங்கள். என்னிடம் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அது குற்றமில்லை. ஆனால் காப்சர் கார்டை விற்கப் பார்க்கும்போது பாதி விலைகூட வராது.

6. கன்சோலிலிருந்து நேரடியாக

முதலில் கன்சோலை ரவுட்டருடன் நெட்வேர்க் கேபிளால் இணையுங்கள். வைஃபையில் வேகம் இருந்தாலும் அது ஒரே சீராக இருக்காது, நேரலைக்குச் சீர்தான் வேண்டும்.

பிறகு கணக்கை இணையுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், லிங்க்ட் சர்வீசஸ் என்று போனால் யூடியூபும் ட்விட்ச்சும் இருக்கும். திரையில் வரும் குறியீட்டைக் கைபேசியில் கொடுத்தால் முடிந்தது. கைபேசியில் இரண்டு ஜிமெயில் இருந்தால் எதை இணைக்கிறீர்கள் என்று பார்த்து அழுத்துங்கள். அம்மாவின் கணக்கில் நேரலை போன சம்பவமும் நடந்திருக்கிறது.

பிளேஸ்டேஷன் 4-இல் ஷெயார் பொத்தானையும் 5-இல் கிரியேட் பொத்தானையும் அழுத்தினால் ஒளிபரப்பும் தெரிவு வரும். தொடங்கும் முன் அதிலுள்ள தெரிவுகளைத் திறந்து, 2-ஆம் படியில் கண்டுபிடித்த அளவுக்குத் தரத்தை இறக்குங்கள். சாதாரண பிளேஸ்டேஷன் 4-இல் 720பி-தான் உச்சம். 5-இல் 1080பி வரை போகும், போகிறது என்பதற்காக வைக்காதீர்கள். அங்கேயே மைக் ஒலியைச் சேர்க்கும் தெரிவு இருக்கும், அதை இயக்குங்கள். இதை விட்டுவிட்டு ஒரு மணிநேரம் தனக்குத்தானே பேசியவர்கள் பலர்.

சில கேம்களில் சில காட்சிகளை ஒளிபரப்ப முடியாதபடி கேம் நிறுவனமே தடுத்து வைத்திருக்கும். அந்த இடத்தில் படம் நின்றால் பதறிக் கேபிளைப் பிடுங்காதீர்கள். காட்சி முடிந்ததும் தானே திரும்பும்.

7. காப்சர் கார்டும் ஓபிஎஸும்

மலிவான கார்டின் பெட்டியில் 4கே என்று பெரிதாக எழுதியிருக்கும். அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. கணினிக்குக் கொடுப்பது பெரும்பாலும் 1080பி, நொடிக்கு 30 படம்தான். நமக்கு அது போதும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: தொலைக்காட்சிக்குப் போகும் இரண்டாவது எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் கணினித் திரையைப் பார்த்தே விளையாட வேண்டும். அதில் படம் சற்றுத் தாமதமாக வரும். பந்தை அடித்த பிறகுதான் பந்து வருவதைக் காண்பீர்கள்.

இணைத்ததும் கறுப்புத் திரை வந்தால் கார்டைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். பிளேஸ்டேஷனில் எச்டிசிபி என்ற நகல் தடுப்பு இயங்கிக்கொண்டிருக்கும். 5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் அதை அணையுங்கள். 4-இல் அது சிஸ்டம் பகுதியிலேயே இருக்கிறது. அணைத்திருக்கும்போது திரைப்படம் காட்டும் சில செயலிகள் திறக்காது. வீட்டாருக்குப் படம் பார்க்க வேண்டுமானால் மறுபடி இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறைப்பாடு உங்கள் தங்கையிடமிருந்து வரும். நிறம் வெளிறித் தெரிந்தால் கன்சோலில் எச்டிஆரை அணைத்து, வெளியீட்டை 1080பி-யாக வையுங்கள்.

ஓபிஎஸ்ஸில் வீடியோ காப்சர் டிவைஸ் என்பதைச் சேர்த்தால் படம் வரும். அவுட்புட் பகுதியில் ரேட் கன்ட்ரோலை சிபிஆர் என்றும், கீஃப்ரேம் (முழுப் படம் ஒன்றை அனுப்பும்) இடைவெளியை 2 நொடி என்றும் வையுங்கள். பிட்ரேட் ஏறி இறங்காமல் போக முதலாவது, பார்ப்பவரின் பிளேயர் படத்தைச் சரியாகப் பிடிக்க இரண்டாவது. கணினி பழையது என்றால் பிராசஸரிலேயே ஓடும் எக்ஸ்264-க்குப் பதிலாக இன்டெலின் குவிக்சிங்க் அல்லது என்விடியாவின் என்வென்க் என்கோடரைத் தேர்ந்தெடுங்கள், பிராசஸருக்குச் சுமை குறையும். அட்வான்ஸ்ட் பகுதியில் நெரிசலின்போது பிட்ரேட்டைத் தானாகக் குறைக்கும் தெரிவு ஒன்று உண்டு. 4ஜி-யில் இருப்பவர்கள் அதை இயக்காமல் விடக் கூடாது.

ஸ்ட்ரீம் கீ என்பது உங்கள் சனலின் சாவி. அது யாரிடம் இருந்தாலும் உங்கள் பெயரில் நேரலை செய்யலாம். ஓபிஎஸ் அமைப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் "இது சரியா?" என்று கேட்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே யூடியூப் ஸ்டூடியோவில் சாவியை மாற்றுங்கள்.

8. ஒலி: பெரும்பாலோர் விழும் இடம்

"அண்ணா, படம் வருகிறது, சத்தம்தான் வரவில்லை." வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த அழைப்பு வரும். பத்தில் எட்டுத் தடவை காரணம் ஒன்றே. ஹெட்செட்டைக் கன்ட்ரோலரில் செருகியதும் கேமின் ஒலி முழுவதும் ஹெட்செட்டுக்குப் போய்விடுகிறது, எச்டிஎம்ஐ வழியாகக் காப்சர் கார்டுக்கு எதுவும் வருவதில்லை. பிளேஸ்டேஷன் 4-இல் ஹெட்போனுக்குப் போகும் ஒலியைச் சட் ஓடியோ (நண்பர்களின் பேச்சு) மட்டும் என்று மாற்றுங்கள். ஹெட்செட்டைக் கணினியிலோ தொலைக்காட்சியிலோ செருகுவது எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி. நேரடிப் பாதையில் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மைக் வாங்க அவசரப்படாதீர்கள். கைபேசியோடு வந்த மைக் உள்ள இயர்போனைக் கன்ட்ரோலரில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். வாய்க்கு அருகில் இருக்கும் மலிவான மைக், இரண்டடி தள்ளி மேசையில் நிற்கும் விலை கூடிய மைக்கை விட நன்றாகக் கேட்கும். தூரம் கூடக்கூட உங்கள் குரல் குறையும், அறையின் எதிரொலி குறையாது.

ஓபிஎஸ்ஸில் நீங்கள் பேசும்போது மைக் அளவுகோல் மஞ்சள் பகுதியில் ஆட வேண்டும். கேம் ஒலி பச்சைக்குள்ளேயே இருக்கட்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாக வைக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தங்கள் குரல் தலைக்குள்ளேயே கேட்கிறது, குறைவாகத் தோன்றுவதில்லை. பார்வையாளர் துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒலியைக் குறைப்பார், அதோடு உங்கள் பேச்சும் போய்விடும்.

காற்றாடிக் காற்று மைக்கில் நேரே படாதபடி இருங்கள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எந்த வடிகட்டியும் காப்பாற்றாது, பேச்சை நிறுத்திவிட்டு விளையாட்டை மட்டும் காட்டுங்கள்.

அடுத்தது பாட்டு. காப்புரிமை உள்ள பாடல் பின்னணியில் கேட்டாலே யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடிக்கும். கேமுக்குள் வரும் பாடல்களும் இதில் அடக்கம், கால்பந்து கேம்களின் மெனுவில் ஓடுபவை குறிப்பாக. கேமின் ஒலி அமைப்பில் மியூசிக்கைப் பூச்சியமாக்கி, மற்ற ஒலிகளை விட்டுவிடுங்கள். சில கேம்களில் இதற்கென்றே ஸ்ட்ரீமர் அமைப்பு உண்டு.

எங்கள் பகுதிக்கு இன்னொரு தொல்லை: கோயில் ஒலிபெருக்கி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்திலும், மார்கழியில் திருவெம்பாவைக்கும் விடியற்காலையிலேயே பக்திப்பாடல் தொடங்கிவிடும். நான் பெருமையாகச் சொன்ன 5 மணி நேரலைக்கு அது ஆபத்து. பாடல் பக்திக்குரியது என்பதற்காக ஒலிப்பதிவு நிறுவனத்தின் உரிமை இல்லாமல் போகாது. அந்த நாட்களில் பேசாதபோது மைக்கை மூடி வையுங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள்.

9. யாருக்கும் சொல்லாமல் ஒத்திகை பாருங்கள்

ஓபிஎஸ் வழியாக அனுப்புபவர்கள், யூடியூப் ஸ்டூடியோவில் நேரலையைப் பிரைவேட் என்று வைத்து முழுதாக அரை மணிநேரம் அனுப்புங்கள். ஐந்து நிமிடம் போதாது. கணினி சூடாகித் திணறத் தொடங்குவதும், 4ஜி வேகம் சரிவதும் பிறகுதான் தெரியும். நீங்கள் நேரலை செய்யப்போகும் அதே நேரத்திலேயே ஒத்திகையும் நடக்கட்டும்.

முடிந்ததும் பதிவை ஹெட்போனில் கேளுங்கள். குரல் தெளிவா, உதடும் ஒலியும் ஒத்துப் போகிறதா, திரையில் மின்னஞ்சல் முகவரியோ நண்பரின் பெயரோ தெரிகிறதா என்று பாருங்கள். பார்ட்டியில் (கன்சோலின் குழு உரையாடலில்) நண்பர்கள் பேசுவதும் வெளியே போகிறது என்றால் அவர்களிடம் கேட்டுவிட்டே போடுங்கள்.

தாமத அமைப்பில் அல்ட்ரா லோ என்பதைப் பலர் ஆசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். இணைப்பு சீராக இல்லாதவர்கள் நோர்மல் வையுங்கள். உங்கள் கேள்விக்குப் பார்வையாளரின் பதில் சற்றுப் பிந்தி வரும். பதிலாக, வேகம் சில நொடி சரிந்தாலும் அவர்களுக்குப் படம் நிற்காது.

10. முதல் நாள்

தொடங்குவதற்கு முப்பது நிமிடம் முன் கன்சோலையும் ரவுட்டரையும் போடுங்கள். கேம் அப்டேட் கேட்குமானால் அப்போதே கேட்கட்டும். வேகச் சோதனை ஒன்று செய்து, கொப்பியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் பிட்ரேட்டை இப்போதே இறக்குங்கள், "பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

வேறொரு கைபேசியில், முடிந்தால் வேறு சிம்மில், உங்கள் நேரலையையே திறந்து ஒலியை அடக்கி அருகில் வையுங்கள். உங்கள் தொலைக்காட்சியில் எல்லாம் நன்றாகத் தெரியும், வெளியே என்ன போகிறது என்பதை அந்தக் கைபேசிதான் சொல்லும்.

யாரும் பார்க்காவிட்டாலும் பேசுங்கள். என்ன செய்கிறீர்கள், ஏன் அந்த வழியில் போனீர்கள் என்று சொல்லிக்கொண்டே விளையாடுங்கள். பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் இடத்தை மறைத்து வைப்பது நல்லது. பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு பேச யாருக்கும் நாக்கு எழாது. முதல் நாள் ஒரு மணிநேரம் போதும்.

11. நடுவில் திக்கினால்

முதலில் எது திக்குகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஓபிஎஸ்ஸின் ஸ்டட்ஸ் பகுதியில் மூன்று எண்கள் உண்டு. நெட்வேர்க்கினால் விழுந்த படங்கள் கூடினால் இணையம்தான் காரணம், பிட்ரேட்டை 500 குறையுங்கள். என்கோடிங்கினால் தவறியவை கூடினால் கணினிக்குச் சுமை, 60-ஐ 30 ஆக்குங்கள். ரெண்டரிங்கினால் தவறியவை கூடினால் கிராபிக்ஸ் திணறுகிறது, திறந்திருக்கும் பிரவுசரை மூடுங்கள். பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது, அடுத்த கிழமை அதே இடத்தில் நிற்பீர்கள்.

நேரடிப் பாதையில் இந்த எண்கள் கிடையா. அங்கே தரத்தை ஒரு படி இறக்கி மறுபடி தொடங்குங்கள்.

12. நிறுத்துவது

கேமை விட்டு வெளியே வருவது நேரலையை நிறுத்துவது ஆகாது. ஒளிபரப்பு மெனுவைத் திறந்து, நிறுத்தும் தெரிவை அழுத்த வேண்டும். ஒருவர் கேமை விட்டு வெளியே வந்து, கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கன்ட்ரோலரிலுள்ள மைக் திறந்தே இருந்தது. சீட்டுக் காசு யார் யார் இன்னும் கட்டவில்லை என்று அவருடைய அம்மா குசினியிலிருந்து சொன்ன பட்டியல், பெயர்களோடு, இருபது நிமிடம் ஒளிபரப்பானது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அந்தப் பட்டியலில் இருந்த ஒருவரும் அடக்கம்.

பக்கத்திலுள்ள கைபேசியில் நேரலை முடிந்துவிட்டதைப் பார்த்த பிறகே எழும்புங்கள்.